கயிறு இழுத்தவரின் குரல்

கன்வேயர் கன்ட்ரோல் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

போன வாரம் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் உங்களில் ஒருவர் என் ஸ்கூட்டரை மறித்தார். முகம் கொள்ளாத சிரிப்பு. "அண்ணே, சீட்ல உக்கார வெச்சுட்டாங்கண்ணே! ஒரு பட்டனைத் தட்டுறேன், இங்கேர்ந்து தெர்மல் வரைக்கும் பெல்ட் கெளம்புது! மொத்த மைன்ஸும் நம்ம கன்ட்ரோல்லண்ணே!" என்றார். காய்கறிப் பையை வண்டியில் மாட்டிவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எனக்கும் அவருக்குச் சமமாகச் சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்து பையைச் சமையலறையில் வைக்கும்போதுதான் அந்தக் கடைசி வாக்கியம் மனதில் இடறியது.

ஓய்வு பெற்ற பிறகும் அந்த நாற்காலியைப் பற்றி யாராவது பேசினால் என் உள்ளங்கை பரபரக்கிறது. முதல் நாள் நான் சைரன் பட்டனை அழுத்தியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சைரன் ஊதியதும் சுரங்கப் பள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் பெல்ட்டை விட்டு விலகி நின்றார்கள். குவார்ட்டர்ஸில் நான் அதட்டினால் பூனைகூட நகராது. இங்கே என் ஒற்றை விரலுக்கு ஒரு சுரங்கமே நகர்ந்தது. அந்த ருசி பொல்லாதது, தம்பிகளா. அதற்கு அடிமையாகிவிடாமல் எப்படி அந்த நாற்காலியில் உட்கார்வது என்பதைத்தான் சொல்ல வந்தேன். பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. ஒரு மழை நாளின் கதை, அதற்குப் பின்னால் ஒரு நாய்க்குட்டியின் கதை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டாரும் படிக்கக்கூடும் என்பதால் முதலில் பெல்ட்டோரக் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டிய பழுப்பு நிலக்கரி ஓடும் பெல்ட்டில் ஏறித்தான் தெர்மலுக்கு, அதாவது அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. பெல்ட்டின் ஓரமாக, அது போகும் தூரம் முழுக்க, இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு போகிறது. ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். பெரிய அதிகாரி இழுத்தாலும் நிற்கும், இன்றைக்குத்தான் சேர்ந்த கான்ட்ராக்ட் ஆள் இழுத்தாலும் நிற்கும். கன்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு எரியும். இழுத்த இடத்தில் கயிற்றோடு இருக்கும் லீவரை யாராவது தூக்கிவிட்டால் விளக்கு பச்சையாகும். ஓட்டுவதற்குத்தான் எங்களுக்கு அதிகாரம். நிறுத்துவதற்கான அதிகாரத்தை எல்லோர் கையிலும் கொடுத்த அந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு அப்படி ஒரு காதல்.

பச்சை விளக்கை மட்டும் நம்பி நாங்கள் கிளப்ப மாட்டோம். கயிறு இழுத்தவரே வாக்கி-டாக்கியில் வந்து, "நான்தான் இழுத்தேன், இப்ப கிளியர்" என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஆள் அனுப்பிப் பெல்ட்டோரமாக நடந்து பார்த்து வரச் சொல்ல வேண்டும். இழுத்தவரின் குரல்தான் பெல்ட்டை விடுவிக்கும். இது எங்கள் ஷிப்ட்டின் பழக்கம்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு, அதைக் கேட்டால் சிரிப்பீர்கள். எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். அந்த அறையில் இருக்கும் மைக்கோ சாதாரண மைக் இல்லை. அதில் ஒரு வார்த்தை சொன்னால் சுரங்கத்தில் உள்ள அத்தனை வாக்கி-டாக்கியிலும் கேட்கும். ஒருவரை அதில் திட்டினால் ஆயிரம் பேர் முன்னால் அவர் சட்டையைக் கழற்றியது போல. என் மகள் யு.கே.ஜி. படிக்கும்போது பக்கத்துப் பிள்ளைகளை அடித்துக்கொண்டே இருப்பாள். அவளுடைய டீச்சர், "கோவம் வந்தா கை ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சு உக்காந்துக்கோ" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவள் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். முகம் சிவந்து, உதடு துடித்து, ஆனால் கை வெளியே வரவில்லை. மறுநாளே கன்ட்ரோல் ரூமில் நானும் முயன்று பார்த்தேன். அன்றிலிருந்து கோபம் வந்தால் மைக் பிடிக்கும் கை தொடைக்கு அடியில் போய்விடும். பக்கத்து சீட் சேகர், "அண்ணன் அடைகாக்குறாரு" என்று கேலி செய்வான். செய்யட்டும், எனக்கு அது பலித்தது.

இனி மழை நாளுக்கு வருவோம். ஐப்பசி மாதம், மதியம், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மழை பெய்தால் பெல்ட்டில் நிலக்கரியோடு ஏறும் மண் களியாகிவிடும். வழிந்து அடியில் குவியும். அதை வாருவது கான்ட்ராக்ட் ஆட்களின் வேலை. மின் நிலையத்தில் நிலக்கரி கொட்டி வைக்கும் பங்கர் காலியாகிக்கொண்டிருந்தது. பங்கர் காலியானால் மின்சாரம் எடுக்கும் யூனிட் நின்றுபோகும். அவர்கள் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சிவப்பு விளக்கு எரிந்தது. பெல்ட் நின்றது.

குரல் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. "பேசுங்க, யாரு இழுத்தது?" என்று சேகர் கேட்டான். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில், யாரும் எதுவும் சொல்லாமலேயே, விளக்கு பச்சையானது.

சேகர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். யாரோ இழுத்தார்கள், யாரோ லீவரைத் தூக்கிவிட்டார்கள், ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பார்த்து வர ஆள் அனுப்பினோம். அவர்கள் போன ஜீப் பாதி வழியில் சேற்றில் சிக்கிக்கொண்டது. அதற்குள் மேலதிகாரியின் போன் வந்துவிட்டது.

"லாம்ப் பச்சையாயிடுச்சா இல்லையா?"

"ஆயிடுச்சு சார்."

"அப்புறம் என்னய்யா? கெளப்பு!"

"இழுத்தவர் இன்னும் பேசலை சார்."

"எவனாவது சேத்துல வழுக்கிக் கயித்தைப் புடிச்சிருப்பான். தெர்மல்ல பங்கர் காலி. நீ அவன் குரலைக் கேட்டாத்தான் ஓட்டுவியா?"

அவர் சொன்னதும் தப்பில்லை. மழைநாளில் வழுக்கி விழுபவர்கள் கயிற்றைப் பிடிப்பது அடிக்கடி நடப்பதுதான். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் கோபமெல்லாம் அந்தப் பேசாத ஆள் மேல்தான். காது மடல் கொதித்தது. இழுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா? "எவன்டா அது?" என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு கை மைக்கை நோக்கிப் போனது, இன்னொரு கை பட்டனை நோக்கிப் போனது. இரண்டையும் இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அழுந்த உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, இன்னைக்கு ரெண்டு கையுமா?" என்றான் சேகர்.

"பேசாம இரு."

கை அடியில் போனதும் மூளை வேலை செய்தது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. லீவரைத் தூக்கத் தெரிந்த ஆளுக்குப் பக்கத்தில் வாக்கி-டாக்கி இல்லாமல் இருக்காது. ஆனாலும் பேசவில்லை. மறந்துபோனவன் சிவப்பு விளக்கை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பான். இவன் மறக்கவில்லை, மறைக்கிறான். பயந்தவன்தான் மறைப்பான். எதைக் கண்டு பயம்? சுரங்கம் முழுக்கக் கேட்கும் இந்த மைக்கைக் கண்டு. அதாவது என்னைக் கண்டு. நான் இப்போது அதட்டினால் அந்த வாய் இன்னும் இறுக மூடிக்கொள்ளும்.

ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து மைக்கை அழுத்தினேன்.

"கயிறு இழுத்தவங்க யாரா இருந்தாலும் சரி, உங்களுக்கு ரொம்ப நன்றி. நீங்க செஞ்சது நல்ல காரியம். பேர் சொல்ல வேணாம். ஏன் இழுத்தீங்கன்னு நான் சண்டைக்கு வர மாட்டேன். பத்திரமா இருக்கீங்களா, அதை மட்டும் சொல்லுங்க. நீங்க பேசுற வரைக்கும் பெல்ட் கெளம்பாது. அது என் பொறுப்பு."

மேலதிகாரியின் வாக்கி-டாக்கியிலும் இது கேட்டிருக்கும். உடனே போன் அடித்தது. "அண்ணே, அவருதான்..." என்றான் சேகர். "அடிக்கட்டும்" என்றேன். என் வேலையே போனாலும் போகட்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியதில் ஒரு குஷியும் இருந்தது.

வாக்கி-டாக்கி கரகரத்தது. முதலில் மழைச் சத்தம். பிறகு தூரத்தில் ஒரு பெண் கத்தும் குரல்: "சொல்லுய்யா! அவரே கேக்குறாரில்ல, சொல்லித் தொலையேன்யா!"

அதன் பிறகு நடுங்கிக்கொண்டு ஒரு ஆண் குரல். "சார்... வடக்குத்து வேலு பேசுறேன் சார். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். கெளப்பிடாதீங்க சார்! கீழ ஆளு மாட்டிகினு இருக்கான் சார்! கொளஞ்சி சார்! சேறு வார உள்ள பூந்தான், காலு சட்டத்துல மாட்டிகிச்சி. மல்லிகாதான் கயித்த இழுத்துச்சி. நான்தான் சார் லீவரத் தூக்கி வுட்டுட்டேன். யாருக்கும் தெரியாம ஆள எடுத்துடலாம்னு..."

பச்சை விளக்கு என் முகத்துக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்குக்கு அடியில் ஒரு மனிதன் படுத்திருக்கிறான்! எழுந்து ஓடிப் பெல்ட்டுக்குப் போகும் மின்சாரத்தையே துண்டித்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டேன்.

"வேலு, கரன்ட்டையே எடுத்தாச்சு. சாவி என் பாக்கெட்ல. இனிமே யார் நெனைச்சாலும் பெல்ட் ஓடாது. கொளஞ்சிகிட்ட அதைச் சொல்லுங்க. அவசரப்படாம எடுங்க. ஆம்புலன்ஸ் வருது."

அதற்குப் பிறகு அந்த வாக்கி-டாக்கியில் கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் ஓடினார்கள். "கடப்பாரை வருதுங்க!", "இந்தப் பக்கம் மண்ண வெட்டுங்க!", "கொளஞ்சி, மூச்ச வுடாத, இரு இரு, மூச்ச வுடு!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நானும் சேகரும் பார்க்க முடியாமல், கேட்டுக்கொண்டு மட்டும், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் மல்லிகாவின் குரல் வந்தது. "வந்துட்டான் சார்! வெளிய வந்துட்டான்!" சேகர் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அடுத்து கொளஞ்சியே பேசினான். "சார், காலு வந்துருச்சி, பூட்ஸு உள்ளயே போயிடுச்சி சார்." கணுக்கால் வீங்கியிருந்ததே தவிர எலும்புக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

முழங்கால் வரை சேற்றோடு மேலதிகாரி வந்தார். பாக்கெட்டிலிருந்து எடுத்து மேசை மேல் நான் வைத்திருந்த சாவியைப் பார்த்தபடியே நின்றார். "என் கையில பட்டன் இருந்திருந்தா தட்டியிருப்பேன்யா" என்றார். அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டுத் தேநீர் கொடுத்தோம். பங்கர் காலியாகி ஒரு யூனிட் நின்றது, பிறகு ஓடியது. அதற்காக யாரும் என்னைத் தூக்கில் போடவில்லை.

ஆனால் உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. வேலு நனைந்துபோய் அறை வாசலில் நின்றார். ஆள் பிழைத்துவிட்டான் என்று தெரிந்ததும் என் கோபம் திரும்பி வந்தது, முன்னைவிடப் பல மடங்காக. கீழே ஆள் கிடக்கும்போது லீவரைத் தூக்கியவர்! நான் ஒரு வரி சொன்னால் போதும், அவர் இந்தச் சுரங்கத்துக்குள் மறுபடி காலெடுத்து வைக்க முடியாது. அந்த அதிகாரம் என்னிடம் இருந்தது, நியாயமும் என் பக்கம் இருந்தது. நியாயமும் அதிகாரமும் ஒன்றாகச் சேர்ந்து வரும் நேரம்தான் மிக ஆபத்தானது, பார்த்துக்கொள்ளுங்கள். நான் உட்கார்ந்தேன். கைகள் அடியில் போயின.

"ஏன் வேலு என்கிட்ட சொல்லல?"

"போன வாரம் வேற ஷிப்ட்டுல ஒருத்தன் கயித்த இழுத்தான் சார். வேணும்னு இழுக்கல, வழுக்கிடுச்சி. மைக்குல கண்டபடி கத்துனாங்க. மைன்ஸு முழுக்கக் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள் கான்ட்ராக்டர் அவன வூட்டுக்கு அனுப்பிட்டாரு." கண்ணைத் துடைத்தார். "அவன் என் தங்கச்சி வூட்டுக்காரன் சார். இன்னும் வேலயில்லாம உக்காந்துகினு இருக்கான்."

கொளஞ்சியின் கால் சட்டத்தில் சிக்கியது இன்றைக்கு. ஆனால் வேலுவின் வாய் போன வாரமே, எங்கள் மைக்கில் வந்த ஒரு சத்தத்திலேயே அடைபட்டுவிட்டது.

அவர் செய்ததை நான் மூடி மறைக்கவில்லை. "நீ பண்ணது சின்ன விஷயம் இல்ல வேலு. கொளஞ்சி போயிருப்பான். விசாரணையில இதை நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றேன். அவரே போய்ச் சொன்னார், நானும் கூடப் போய் நின்றேன். சூப்பர்வைசர் வேலை போனது. ஆனால் பிழைப்பு போகவில்லை, மறுபடி மண்வெட்டி பிடித்தார். அவருடைய தங்கை வீட்டுக்காரருக்காகக் கான்ட்ராக்டர் வீட்டுக்கு நான் நடையாய் நடந்தேன். என் தொல்லை தாங்காமலே அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

மைக்கில் கத்திய அந்த ஷிப்ட் நண்பரையும் போய்ப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை, வீட்டுப் பலாப்பழத்தை அறுத்து ஊருக்கெல்லாம் கொடுப்பவர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "எனக்கு வாய் முந்திக்குதுய்யா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். என் வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். கனத்த உடம்புக்காரர். அடுத்த வாரம் வந்து, "கோவம் போவுதோ இல்லியோ, கை மரத்துப் போயிடுதுய்யா" என்றார். அதுவும் போதும் என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு புதுப் பழக்கம். யார் கயிறு இழுத்தாலும் எங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "நன்றி". முதலில் யாரும் நம்பவில்லை, கிண்டல் செய்கிறோம் என்று நினைத்தார்கள். பிறகு மெதுவாகக் குரல்கள் வரத் தொடங்கின. பெயர் சொல்லிப் பேசினார்கள். "இப்பல்லாம் அடிக்கடி கயிறு இழுக்குறாங்களே" என்று மேலதிகாரிகள் குறைபட்டுக்கொண்டார்கள். "முன்னாடி இழுக்க வேண்டிய நேரத்துல இழுக்காம இருந்தாங்க சார்" என்று சேகர் சொன்னான். அன்றைக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போது உங்கள் அறையில் கேமராத் திரைகள் வந்துவிட்டன, எல்லாம் தெரிகிறது என்று சொல்கிறீர்கள். நல்லது, மிகவும் நல்லது. ஆனால் மழையில் அந்தக் கேமராவில் சேறு மட்டும்தான் தெரியும். பயந்த மனிதன் கேமரா இல்லாத பக்கமாக நின்றுதான் லீவரைத் தூக்குவான். அவன் தானாக வாயைத் திறந்தால்தான் உங்களுக்கு உண்மை தெரியும். அவனை வாய் திறக்க வைக்கும் பட்டன் உங்கள் மேசையில் எங்கும் இல்லை. முதலில் உங்களை நீங்கள் அடக்குங்கள், அந்தப் பட்டன் உங்கள் குரலிலேயே வந்துவிடும்.

நாய்க்குட்டி கதையைச் சொல்லி முடிக்கிறேன். என் கடைசி ஷிப்ட். கன்ட்ரோல் ரூமில் நிற்க இடமில்லை. மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு புது அதிகாரிகள் வந்திருந்தார்கள். என் மனைவியும் மகளும் ஓரமாக நின்றார்கள். கழுத்தில் மாலையைப் போட்டார்கள். அன்றைக்கும் பங்கர் குறைவு, அதைப் பற்றிப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். சரியாக அப்போது சிவப்பு விளக்கு எரிந்தது.

"சார், மல்லிகா பேசுறேன் சார்." அந்த மழை நாளில் கயிறு இழுத்த முத்தாண்டிக்குப்பத்து மல்லிகாதான், அதற்குள் சூப்பர்வைசராகிவிட்டார். "கயிறு இழுத்தது நான்தான் சார். ஆளுங்க எல்லாரும் பத்திரமா இருக்காங்க."

"நன்றி மல்லிகா. என்ன ஆச்சு?"

"நாய்க்குட்டி சார்."

"என்னது?"

"பெல்ட்டு மேல நாய்க்குட்டி ஒண்ணு போய்கினு இருந்துச்சி சார். எப்புடித்தான் ஏறுச்சோ, கலெக்டரு கணக்கா ஜம்முனு குந்திகினு போவுது. கடைசி வரைக்கும் போனா நசுங்கிடும்ல. அதான் இழுத்துட்டேன்."

ஒரு அதிகாரியின் புருவம் உயர்ந்தது. என் காது மடல் கொதித்தது. கடைசி நாளில், இத்தனை பேர் முன்னால், ஒரு நாய்க்குட்டிக்காகவா? கழுத்தில் மாலையோடு என் கை தானாகத் தொடைக்கு அடியில் போய்விட்டது. ஓரத்திலிருந்து என் மகள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையை வெளியே எடுத்தேன்.

"நல்ல காரியம் மல்லிகா. நிதானமா இறக்குங்க. குட்டிக்கு அடி ஒண்ணும் இல்லியே?"

வாக்கி-டாக்கி முழுக்கச் சிரிப்பு. எந்த மூலையிலிருந்தோ கொளஞ்சி, "சார், அதுக்கும் ஒரு பூட்ஸு வாங்கிக் குடுங்க" என்றான். கொஞ்ச நேரத்தில் மல்லிகா கிளியர் சொன்னார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா, இன்னைக்கு எனக்குக் கடைசி நாளு. பெரியவங்க எல்லாம் வந்திருக்காங்க. நாய்க்குட்டிக்காக மைன்ஸையே நிறுத்திட்டியே, நான் திட்டுவேன்னு கொஞ்சங்கூட பயமில்லையா?"

"எதுக்கு சார் பயப்படணும்?" என்றார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

சைரனை ஊதிப் பெல்ட்டைக் கிளப்பிவிட்டு அந்த நாற்காலியிலிருந்து எழுந்தேன்.